மச்சானின் ராவும் சித்தியின் மயில்கழுத்தும்

மச்சான் கேமரா வாங்கியதிலிருந்து நம் வீட்டில் யாரும் நிம்மதியாகக் கொட்டாவி விட முடிவதில்லை என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். இப்போது புதுசு என்னவென்றால், யூடியூபில் ஒரு தாடிக்காரர் "நிஜமான போட்டோகிராபர் ஜேபெக்கில் எடுக்கவே மாட்டான்" என்று சொல்லிவிட்டாராம் (ஜேபெக் என்றால் எங்கேயும் திறக்கிற சாதாரணப் படப் பைல்). அவ்வளவுதான். சின்னவன் காதுகுத்து முழுக்க ரா, அதாவது கேமரா பார்த்ததைச் சமைக்காமல் பச்சையாகவே போட்டுவைக்கிற பைல். மருந்துக்குக்கூட ஒரு ஜேபெக் கிடையாது.

அவன் என் மடியில் உட்கார்ந்து குலதெய்வத்துக்கே காது அடைக்கிற மாதிரி அலறியது, சீர்த்தட்டு வரிசை, பந்தியில் கறிக்குழம்பு வாளியோடு ஓடிய சித்தப்பா எல்லாமே தலைக்கு முப்பது எம்பி வீதம் கார்டில் கிடந்தன. வெளியே எடுக்கத்தான் வழியில்லை. பெரியப்பா தினமும் காலை வணக்கத்துக்குக் கீழேயே "போட்டோ?" என்று ஒற்றை வார்த்தை போட ஆரம்பித்துவிட்டார். அவர் கேள்விக்குறி போட்டால் அது நோட்டீஸ் மாதிரி, தெரியுமில்லையா.

கார்டை என் லேப்டாப்பில் சொருகினால் வரிசையாக வெள்ளைக் கட்டங்கள். படம் சரிசெய்யும் என் சாப்ட்வேர், இந்தப் பைலை எனக்குத் தெரியவே தெரியாது என்று கையை விரித்துவிட்டது. "உன் லேப்டாப் சரியில்ல மாப்ள. இங்க பாரு, கேமராவுல எவ்வளவு பளிச்சுன்னு தெரியுது!" என்றார் மச்சான். தெரியத்தான் செய்யும். ஒவ்வொரு ரா பைலுக்குள்ளும் கேமராவே ஒரு ஜேபெக்கைச் செய்து ஒளித்து வைக்கிறது, முதுகுத் திரையில் காட்டுவது அதைத்தான். அந்த ஜேபெக்கை மட்டும் உருவித் தருகிற சாப்ட்வேர் சும்மாவே கிடைக்கிறது. அதோடு கதை முடிந்திருக்கும். மச்சான் ஒத்துக்கொள்ளவில்லை. "அப்புறம் ராவுக்கு என்ன மரியாதை?"

இதற்குள் சித்தப்பா தன் பங்குக்கு ஒரு பைலின் பெயரில் இருந்த வாலை வெட்டிவிட்டு, ஜேபெக்குக்குப் போடுகிற ஜேபிஜி என்று பெயர் மாற்றியிருக்கிறார். அது எதிலுமே திறக்கவில்லை. "பேரை மாத்துனா ஆள் மாறிடுவானா?" என்று அத்தை கேட்டது அவரைத்தானா, வேறு யாரையாவதா என்று இன்னும் விசாரணை நடக்கிறது.

விஷயம் இதுதான். மச்சானின் கேமரா எழுதுவது சிஆர்3. 2018-இல் கேனான் எம்50 கேமரா வந்தபோது அதோடு வந்த ரா வகை அது. என் சாப்ட்வேர் அதற்கும் முந்தையது. ஒரே தடவை காசு கட்டி, டப்பாவோடு வாங்கியது. அதற்கப்புறம் சந்தா என்று ஆக்கிவிட்டார்கள். பாலுக்கு மாசக் காசு, கேபிளுக்கு மாசக் காசு, நெட்டுக்கு மாசக் காசு. இனிமேல் சித்தப்பா முகத்தில் வெளிச்சம் கூட்டுவதற்கும் மாசா மாசம் கட்ட வேண்டுமாம். கட்ட மாட்டேன் என்று அன்றைக்கே முடிவெடுத்தவன் நான். அதைக் கேட்டு மச்சான் சிரித்த சிரிப்புக்காக இன்னும் நாலு வருஷம் கட்டாமல் இருப்பேன்.

நல்லவேளையாக டிஎன்ஜி என்று ஒன்று இருக்கிறது. எந்தக் கம்பெனி ராவாக இருந்தாலும் பொதுவாக ஒரு வடிவத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று அடோபி 2004-இல் கொண்டுவந்தது. அதற்கு மாற்றித் தரும் சாப்ட்வேர் இலவசம். பழைய சாப்ட்வேருக்கும் புரிகிற மாதிரி மாற்று என்று அதில் ஒரு இடத்தில் சொல்லிவிட வேண்டும். சொன்னேன். ராத்திரி முழுக்க லேப்டாப்பின் விசிறி இரைந்தது. அப்பா எழுந்து வந்து, மோட்டாரை யார் போட்டது என்று கேட்டுவிட்டுப் போனார்.

காலையில் படம் வந்தது. கூடவே குடும்பமும் வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றது.

முதல் குற்றச்சாட்டு, "என்னடா எல்லாரும் சோகை பிடிச்ச மாதிரி இருக்காங்க?" ரா அப்படித்தான் இருக்கும், நாம்தான் சரிசெய்ய வேண்டும் என்றேன். சரிசெய்வது என்றால் என்ன என்பதில் ஒருவருக்கும் சந்தேகமில்லை. தன்னை மட்டும் கொஞ்சம் வெள்ளையாக்க வேண்டும். "லேசா தூக்கி விடுப்பா, ரொம்ப வேணாம்" என்று ஆரம்பித்து, பெரியம்மா சுண்ணாம்பு அடித்த சுவர் போல ஆகும்வரை அந்த 'லேசா' நிற்கவில்லை.

அப்புறம் சித்தியின் புடவை. மயில்கழுத்து. நெடுக்கு இழை ஒரு நிறம், குறுக்கு இழை ஒரு நிறம், திரும்பினால் வேறொன்று. நேரில் பார்த்தாலே நாலு பேர் நாலு நிறம் சொல்வார்கள். மண்டபத்தில் மேலே டியூப்லைட், பக்கத்தில் மஞ்சள் போகஸ், மேடையில் சீரியல் செட். எந்த வெளிச்சத்தை வெள்ளையாக எடுத்துக்கொள்வது என்று சொல்லும் ஒயிட் பேலன்ஸை எங்கே வைத்தாலும் யாராவது ஒருவர் நாசமானார்கள். சித்தி புடவை சரியானால் சின்னவனின் மொட்டைத் தலைச் சந்தனம் பச்சையாகிறது. சந்தனத்தைச் சரிசெய்தால் புடவை ஸ்கூல் யூனிபார்ம் நீலம்.

சித்தியைச் சமாதானப்படுத்தப் போய் விளக்கம் சொன்னேன். கேமராவுக்குள் வெளிச்சத்தைப் பிடிக்கிற சென்சாரில் ஒவ்வொரு புள்ளியும் ஒரு நிறத்தைத்தான் பார்க்கும், பாதிப் புள்ளிகள் பச்சை, கால்வாசி சிவப்பு, கால்வாசி நீலம், மிச்சத்தைக் கணக்குப் போட்டு நிரப்புவது சாப்ட்வேர்; கோடாக்கில் இருந்த பேயர் என்பவர் 1976-இல் காப்புரிமை வாங்கிய யோசனை இது என்று. சித்தி பொறுமையாகக் கேட்டார். "பாதி பச்சையை வெச்சுக்கிட்டு என் புடவையை மட்டும் ஏன்டா நீலமாக்குற?" பேயரே வந்தாலும் பதில் சொல்லியிருக்க மாட்டார்.

நடுவில் கன்னங்கரேல் என்று ஒரு படம். பிளாஷ் அடிக்கவில்லை போலிருக்கிறது. அழிக்கப் போனேன். மச்சான் பாய்ந்து மவுஸைப் பிடுங்கினார். இதற்காகவே பிறந்தவர் மாதிரி நின்றுகொண்டு, "ஜேபெக்குல ஒரு நிறத்துக்கு 256 படிதான். இதுல 16,384. இருட்டுக்குள்ளயும் ஆள் இருக்கும், பாருங்க" என்று வெளிச்சம் கூட்டும் எக்ஸ்போஷரை வலது கோடிக்கு இழுத்தார்.

ஆள் இருந்தார். சமையல்கட்டுக்குப் பக்கத்துச் சந்து. சுவரோரமாகத் தாத்தா. வாயில் பாதி, கையில் பாதி அதிரசம்.

வீடே அதிர்ந்தது. போன மாதம் சுகர் டெஸ்ட் ரிசல்ட்டைப் பார்த்துவிட்டு அப்பத்தா போட்ட ஆட்டம் உங்களுக்கு நினைவிருக்கும். சர்க்கரை டப்பாவுக்கே பூட்டு போட்டவர் அவர். "இந்த வயசுல இந்த நாக்கு கேட்குதா?" என்று அரை மணி நேரம் குறையாமல் தாளித்தார். தாத்தா ஒன்றும் சொல்லவில்லை. "அந்தக் காலத்துல ரோல் போட்ட கேமராவா இருந்தா இருட்டு இருட்டாவே இருந்திருக்கும்" என்று மட்டும் முனகிவிட்டுத் திண்ணைக்குப் போய்விட்டார். மச்சானோடு பேச்சுவார்த்தை கிடையாது.

எல்லாரும் சாப்பிடப் போனபிறகு, சும்மா இருக்காமல் அந்தப் படத்தின் நிழல் பகுதியை மட்டும் இன்னும் கொஞ்சம் தூக்கினேன். ஒரே புள்ளி புள்ளியாகத்தான் வந்தது. ஆனாலும் தாத்தாவுக்கு எதிரே ஒரு கை, கையில் இலையில் சுற்றிய இன்னொரு அதிரசம், மணிக்கட்டில் சிவப்புக்கல் வளையல். அந்த வளையல் நம் வீட்டில் ஒரே ஆளிடம்தான் இருக்கிறது.

திரும்பினால் அப்பத்தா நின்றுகொண்டிருக்கிறார்.

"வேற எதுவும் தெரியுதாடா அதுல?"

"ஒண்ணும் தெரியல அப்பத்தா. ஒரே புள்ளியா இருக்கு."

கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "பாவம்டா, ஒரு வாரமா கேட்டுக்கிட்டே இருந்தாரு" என்றவர், "மேல் பரண்ல எவர்சில்வர் தூக்குல ரெண்டு இருக்கு. உங்க மச்சானுக்குக் குடுக்காத" என்று சொல்லிவிட்டுப் போனார்.