‘நிழல்’ என்று எழுத ஒரு பலகை

செப்ரெம்பர் 6, 2025 – சனி

காலையிலேயே கோண்டாவில் மாமியின் அழைப்பு. புது வீட்டுக்குப் பெயர் வைத்தாயிற்றாம், ‘நிழல்’. படலையில் தொங்கவிட ஒரு மரப்பலகை வேணுமாம். “கடையில பிளாஸ்ரிக்கில அடிச்சுத் தருவினம் மாமி, கெதியா முடிஞ்சிடும்” என்றேன். “அப்ப உன்னட்ட ஏன் கேக்கிறன்?” என்றார். மூன்று எழுத்துத்தானே, சரி என்றுவிட்டேன்.

இதுவரை நான் செய்ததெல்லாம் வீட்டுக்குள் மாட்டுகிற பலகைகள். ‘நல்வரவு’, ‘குசினி’, தம்பியின் மகளின் பெயர். டைல்ஸ் கடைக்குப் பின்னால் கிடக்கும் பலெட்டுகளை, சரக்கு அடுக்கி வருகிற மரத்தட்டுகளை, கேட்டு வாங்கிப் பிரித்துச் செய்தவை. எடுக்கும்போது முதலில் முத்திரையைப் பார்ப்பேன். கோதுமைக் கதிர் படத்துக்குப் பக்கத்தில் ‘எச்.டி.’ என்றிருந்தால் பூச்சி சாகச் சூடாக்கிய மரம். பலகையின் நடு வரைக்கும் 56 பாகை செல்சியஸில் 30 நிமிடம் வைத்திருப்பார்கள். ‘எம்.பி.’ என்றிருந்தால் மெதைல் புரோமைட் என்கிற நச்சுப் புகை போட்டது. அதைச் சும்மா தந்தாலும் தொடுவதில்லை. ஆனால் பலெட் மரம் அநேகமாகப் பைன். படலையில் தொங்கினால் இரண்டு மாரி தாங்குமோ தெரியாது. மாமிக்கு வேறு மரம் தேட வேண்டும்.

செப்ரெம்பர் 7 – ஞாயிறு

இடித்த வீடுகளின் கதவு, யன்னல், நிலை விற்கிற இடத்துக்குப் போனேன். பச்சைப் பெயின்ற் அடித்த ஒற்றை யன்னல் கதவு, 1,800 ரூபாய். தூக்கியதும் பாரம் தெரிந்தது. பின்பக்கத்தை நகத்தால் சுரண்டினேன், மஞ்சள். கடைக்காரர் “முதிரை, தங்கச்சி” என்றார். விலையைக் கூட்டத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன்.

அங்கே எனக்கு முன்னால் நின்றவர் புதுப் பலகையைப் பழசுபோலாக்க வழி கேட்டுக்கொண்டிருந்தார். வழி இருக்கிறது. கடும் பிளேன் ரீயைப் பூசிக் காயவிட்டு, அதன் மேல் இரும்புக் கம்பளி ஊறிய வினாகிரியைப் பூசினால் பைன் பலகைகூடக் கறுத்துக் கிழடு தட்டிவிடும். தேயிலையில் உள்ள தனின் இரும்போடு சேர்ந்து கறுப்பாகிறது. நானும் ஒருகாலம் அதைச் செய்து எல்லாருக்கும் காட்டித் திரிந்தவள்தான். சுற்றிவர உண்மையான பழைய மரம் கிடக்கிற ஊரில் அது என்ன வேலை என்று இப்போது தோன்றுகிறது.

செப்ரெம்பர் 13 – சனி

பெயின்ற் உரித்தேன். பழைய பெயின்றில் ஈயம் இருக்கலாம். இலங்கையில் அதற்கு விதித்த எல்லை நடைமுறைக்கு வந்தது 2013இல்தான். இந்தக் கதவு அதற்கு எவ்வளவோ முந்தியது. ஆகவே காய்ந்தபடி தேய்க்கவில்லை. தண்ணீர் தெளித்துத் தெளித்துச் சுரண்டினேன், முகமூடியோடு. பிள்ளைகளை வளவுப் பக்கமே விடவில்லை. சுரண்டிய சேற்றைப் பழைய பெயின்ற் வாளிக்குள் போட்டு மூடினேன்.

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. சீவுளி போட்டதும் பொன்மஞ்சள் பளபளத்தது, ஒரு வாசமும் வந்தது. முதிரைக்குத் தலை வணங்கலாம், சீவுளி அலகுக்குத்தான் பாவம். நாலு இழுப்புக்கு ஒருமுறை தீட்ட வேண்டியிருந்தது.

பிறகு வாளால் 22 அங்குலத்துக்கு அறுக்கப் போனேன். ‘கிறீச்’ என்றது. ஆணி என்று நினைத்துக் கிளறினேன். ஆணியில்லை, பயற்றங்கொட்டை அளவில் கருகிய இரும்புத் துண்டு. பெயின்றுக்கு அடியில், மரத்துக்குள். இவர் வந்து பார்த்துவிட்டு “செல் துண்டு, சண்டைக்காலத்து” என்றார், அவ்வளவுதான். இரண்டு பேரும் அதற்கு மேல் ஒன்றும் கதைக்கவில்லை. வாளின் மூன்று பல் போய்விட்டது.

செப்ரெம்பர் 14 – ஞாயிறு

அறுக்கும் இடத்தைத் தள்ளிவைத்து, வேறு வாளால் அறுத்தேன். துண்டை நோண்டி எடுத்த குழி பலகையின் ஒரு மூலைப் பக்கம் வந்தது. கிழிந்த விளிம்பைச் சுத்தமாக்க 10 மில்லிமீற்றர் துளைப்பானை மறுபக்கம் வரை விட்டேன். மரத்தூளும் பசையும் வைத்து அடைத்துவிடலாம் என்பது திட்டம்.

பிறகு லின்சீட் (ஆளிவிதை) எண்ணெய் பூசினேன். வெட்டுமுகம் இரண்டுக்கும் மூன்று முறை. தண்ணீர் உறிஞ்சுவது அங்கேதான். துடைத்த துணிகளை விறாந்தை மூலையில் குவித்துவிட்டு ரீ குடிக்கப் போனேன். அம்மா “என்ன எரிஞ்ச மணம்?” என்று கேட்ட பிறகுதான் ஓடினேன். குவியலின் நடுவில் கை வைக்க முடியாத சூடு. இந்த எண்ணெய் காய்கிறபோது சூடு விடும். துணியைக் குவித்து வைத்தால் அந்தச் சூடு போக வழியில்லாமல் தானாகவே பற்றிக்கொள்ளும். எனக்குத் தெரியாத விசயமில்லை. தெரிந்துகொண்டே செய்தேன். எல்லாவற்றையும் தண்ணீர் வாளிக்குள் போட்டேன். இனிக் கொடியில் ஒவ்வொன்றாக விரித்துத்தான்.

செப்ரெம்பர் 20 – சனி

எழுத்து. இதில்தான் நான் எப்போதும் வழுக்குவது. கணினியில் எழுத்துரு ஒன்றை எடுத்துப் பெருப்பித்து, காபன் தாள் வைத்துப் பதித்தால் எழுத்து வரும், உயிர் வராது. முந்தி கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதிய பெரியவர் ஒருவர் எங்கள் ஒழுங்கையின் முடிவில் இருக்கிறார். பிளெக்ஸ் பனர் வந்த பிறகு தூரிகையை வைத்துவிட்டவர். பலகையோடு அவரிடம் போனேன்.

நான் தாளில் வரைந்து வைத்திருந்ததைப் பார்த்துச் சிரித்தார். பலகையின் உயரத்தை அளந்து, மேலும் கீழும் ஒரே இடைவெளி விட்டு, நடுவில் எழுத்தை அடைத்து வைத்திருந்தேன். “பிள்ளை, இது இங்கிலீசுக்குச் சரி. தமிழ் எழுத்து மேலயும் போகும், கீழயும் போகும்.” தாளில் கையை வைத்துக் காட்டினார். ‘நி’யின் கொக்கி மேலே ஏறுகிறது. ‘ழ’வின் வால் கீழே இறங்குகிறது. ‘ல்’ தலையில் புள்ளி. 7 அங்குலப் பலகையில் எழுத்தின் உடம்புக்கு 3 அங்குலம் போதும், மிச்சமெல்லாம் அதுகள் கைகால் நீட்ட. எழுத்துக்கு எழுத்து இடைவெளியையும் அடிமட்டத்தால் அளக்கக்கூடாதாம். கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டும், எங்கே வெள்ளை கூடக் கிடக்கிறதோ அங்கே நெருக்க வேண்டும். சுண்ணாம்பு நூலை அடித்து இரண்டு கோடு போட்டுத் தந்தார்.

பலகையைத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவர் அந்த ஓட்டையில் விரலை வைத்தார். “இதை என்ன செய்யப்போறாய்?” “அடைக்கப்போறன் ஐயா.” பலகையைத் தலைகீழாக்கினார். ஓட்டை வலது மேல் மூலைக்கு வந்தது. ‘ல்’லுக்கு மேலே.

செப்ரெம்பர் 28 – ஞாயிறு

இரண்டு வாரம் காய்ந்த எண்ணெயின் மேல் கறுப்பு எனாமல். ஓட்டை கொஞ்சம் வலப்பக்கம் தள்ளி இருந்ததால் மூன்று எழுத்தையும் அரை அங்குலம் நகர்த்தினேன். ‘ழ’வின் வால் நடுங்கிவிட்டது, துடைத்து மறுபடி எழுதினேன். இரண்டாவதும் திறமில்லை, ஆனால் விட்டுவிட்டேன். ஓட்டையைத் திறந்தபடியே விட்டு, உள்சுவருக்கு மட்டும் கறுப்பு அடித்தேன்.

ஒக்ரோபர் 2 – வியாழன்

விஜயதசமி. சீவுளி, உளி, பல் போன வாள் எல்லாம் சந்தனப் பொட்டோடு பூசையில் இருந்தன. தம்பியின் சின்ன மகனுக்கு ஏடு தொடக்கினார்கள். அரிசியில் ‘அ’ எழுதச் சொன்னால் அவன் அரிசியை வாயில் போட்டான்.

ஒக்ரோபர் 5 – ஞாயிறு

மாமி வீட்டில் மாட்டியாயிற்று. இரும்பு ஆணியென்றால் மழைக்குத் துருப்பிடித்து மரத்தில் கறுப்பு ஒழுகும், ஆகவே பித்தளைத் திருகாணி. மாமி றோட்டுக்கு அந்தப்பக்கம் போய் நின்று வாசித்தார். “புள்ளி வெள்ளையாத் தெரியுது.” ஓட்டை வழியே உள்ளே இருக்கிற சுண்ணாம்புச் சுவர் தெரிகிறது என்றேன். “ஏன் ஓட்டை?” சொன்னேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ரீ போட உள்ளே போய்விட்டார்.

ஒக்ரோபர் 19 – ஞாயிறு

மாமி ரெலிபோன் எடுத்தார். “பிள்ளை, உன்ர புள்ளியைக் குளவி மண் வைச்சு அடைச்சுப்போட்டுது. சுரண்டட்டோ?”

வேண்டாம் என்றேன். குஞ்சு பொரித்துப் போகட்டும். றோட்டிலிருந்து பார்த்தால் மண்நிறப் புள்ளி நல்லாத்தான் இருக்கிறதாம்.