கடலில் உள்ள சிறு எண்ணெய் வயலில் லாபம் எடுப்பது: மும்பைக் கடற்பரப்பில் எங்கள் வேலைமுறை

எண்ணெய் இருப்பது தெரிந்தும் ஆண்டுக்கணக்கில் தொடப்படாமல் கிடந்த சிறு வயல்களை 2016ல் மத்திய அரசு ஏலத்துக்கு விட்டது. இவற்றின் எண்ணெய்க்கு செஸ் என்ற கூடுதல் வரி கிடையாது, விலையையும் வாங்குபவரையும் நாமே முடிவு செய்யலாம். ஆனால் அரசுக்குப் பங்கு போவது லாபத்தில் அல்ல, வருமானத்தில். போட்ட பணம் திரும்புவதற்கு முன்பே அது போய்விடும். செலவு எகிறினால் முழுச்சுமையும் நம் தலையில்.

40 லட்சம் பேரல் எடுக்கக்கூடிய வயல் என்று வைத்துக்கொள்வோம். நாளைக்கு 4,000 பேரல் ஓட்டினால் முதல் வருடத்திலேயே 14.6 லட்சம் பேரல் காலி. நான்கைந்து வருடத்தில் வயல் வற்றிவிடும். அதற்காக 25 வருடம் நிற்கும் பிளாட்ஃபார்மை, அதாவது கடல்மேடையை, சொந்தமாகக் கட்டுவது வீண். எதையும் வாங்காமல் ஓட்ட முடியுமா என்பதே எங்கள் முதல் கேள்வி.

அதற்கும் முன்னால் எண்ணெயின் அளவு உறுதியாக வேண்டும். கிணற்றை ஓட்டிச் சோதித்துவிட்டு மூடி வைத்தால் அழுத்தம் பழைய நிலைக்கு ஏற வேண்டும். சற்றுக் குறைவாகவே நின்றுவிட்டால் எண்ணெய்த்தேக்கம் சின்னது என்று சந்தேகப்பட வேண்டும். சில மணி நேரம் மட்டும் ஓட்டிய பழைய சோதனையை நம்பிக் காசு போடக்கூடாது; அது கிணற்றைச் சுற்றியுள்ள பாறையைத்தான் காட்டும்.

பக்கத்தில் வேறொருவரின் பிளாட்ஃபார்ம் இருந்தால் குழாய் போட்டு அதில் இணைவதே மலிவு. இங்கே பேரம் கட்டண விகிதத்தோடு முடிவதில்லை. கட்டணம் எண்ணெய்க்கா, அதோடு கிணற்றிலிருந்து வரும் தண்ணீரும் சேர்ந்த மொத்தத் திரவத்துக்கா? மொத்தத் திரவத்துக்கு என்று கையெழுத்திட்டால், தண்ணீர் 60 சதவீதம் ஆகும்போது ஒரு பேரல் எண்ணெய்க்கான கட்டணம் இரண்டரை மடங்காகிவிடும். தண்ணீரைப் பிரிக்கும் திறன் அவர்களிடம் எவ்வளவு மிச்சம் என்பதையும் எழுத்தில் வாங்க வேண்டும்.

குழாயில் கழுத்தை நெரிப்பது எண்ணெயிலேயே கலந்திருக்கும் மெழுகு. இந்தக் கடற்பரப்பின் பெரிய வயலான மும்பை ஹையின் எண்ணெய் ஏறத்தாழ 30 டிகிரியிலேயே உறையத் தொடங்கும். கடலடி நீர் அதைவிடக் குளிர்ச்சி. ஓடிக்கொண்டிருக்கும்வரை தொல்லை குறைவு. உற்பத்தி நின்று எண்ணெய் ஆறினால் குழாய்க்குள் ஜெல்லாகிவிடும். அந்த ஜெல்லின் வலிமை வெறும் 20 பாஸ்கல் என்றாலும், 8 அங்குலம், 15 கி.மீ. குழாயில் அதை நகர்த்த சுமார் 60 பார் அழுத்தம் தேவை. அதனால் நீண்ட ஷட்டவுன் என்றால் எண்ணெய் ஆறுவதற்குள் டீசலால் தள்ளிவிடுகிறோம். இந்தக் குழாய்க்கு ஏறக்குறைய 470 கனமீட்டர் டீசல் வேண்டும். ஆளில்லாத சின்ன பிளாட்ஃபார்மில் அதற்கு ஏது இடம்? எதிர்முனையிலிருந்து தள்ளும் ஏற்பாட்டையும் ஒப்பந்தத்தில் சேர்த்துவிடுவது நல்லது. உறைநிலையைக் குறைக்கும் ரசாயனத்தை எண்ணெய் சூடாக இருக்கும்போதே, கிணற்று வாயிலிலோ அதற்குக் கீழேயோ செலுத்த வேண்டும். மெழுகு படிகமான பிறகு ஊற்றினால் ரசாயனக் காசுதான் நஷ்டம்.

பக்கத்தில் யாருமில்லை என்றால் வாடகைக்கு எடுத்த ஜாக்-அப் (கடலடியில் கால் ஊன்றி நிற்கும்) உற்பத்திக் கலம், சேமிப்புக் கப்பல். அப்போது வாடகை ஒப்பந்தத்தின் கடைசித் தேதிதான் வயலின் ஆயுள். காவிரிப் படுகைக் கடலில் பிஒய்-3 வயல் 2011ல் மூடப்பட்டது எண்ணெய் தீர்ந்து அல்ல. மிதக்கும் கலத்தின் ஒப்பந்தம் முடிந்ததால். நீட்டிக்கும் உரிமையை, விலையோடு சேர்த்து, முதல் நாளே வாங்கி வையுங்கள்.

கடல் வேலையெல்லாம் அக்டோபர் முதல் மே வரைதான். மழைக்காலத்தில் கிணறு துளைக்கும் ரிக் நகராது, குழாய் இறக்க முடியாது. ஒரு வால்வு இரண்டு மாதம் தாமதமானால் முழு சீசனும் போகும். அதற்குள் ரிக்கின் தினவாடகை ஏறியிருக்கலாம். அதனால் கிணற்றுத்தலை, வால்வு, கேசிங் (கிணற்றுக்குள் இறக்கும் இரும்புக் குழாய்) மூன்றையும் ரிக் ஒப்பந்தத்துக்கு முன்பே ஆர்டர் போட்டுவிடுகிறோம்.

கிணற்றை நிரந்தரமாக மூடும் செலவும் முதல் நாள் கணக்கிலேயே இருக்க வேண்டும். கடைசி வருட வருமானத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்பவர்களுக்குக் கடைசி வருடத்தில் வருமானமே இருப்பதில்லை. பக்கத்து வயலுக்கு ரிக் வரும்போது அதிலேயே சிமெண்ட் அடைப்பையும் முடித்துக்கொண்டால், ரிக்கைக் கொண்டுவந்து திருப்பி அனுப்பும் செலவு பாதியாகப் பிரியும்.