காந்த மெஷின் பாதி வேலை, மீதி உங்க மண்டைக்குள்ள

ஸ்ட்ரோக் வந்து ஒரு பக்கம் கை வராம போனவங்க வீட்ல இருந்து இப்பல்லாம் அடிக்கடி வர்ற கேள்வி, "அந்த காந்த மெஷின் வச்சா கை வந்துருமாங்க?". பிசியோதெரபிஸ்டா என் பதில், வச்சவுடனே கை அசையும், ஆனா அசைக்கிறது மெஷின்தான், அவர் இல்ல. இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளியப் பத்தியும், கைய அசைக்கிற மாதிரி மனசுல நினைக்கிற கற்பனைப் பயிற்சியால அத எப்படி நிரப்பப் பாக்குறோம்னும்தான் இந்த போஸ்ட்.

மெஷின் கதை ரொம்ப சிம்பிள். உடம்பு மேல வைக்கிற கம்பிச் சுருள்ல, அதாவது காயில்ல, ஒரு மில்லிசெகண்டுக்கும் கம்மியான நேரத்துக்கு பெரிய கரண்ட் பாயும், அதனால காந்தப்புலம் சட்டுனு ஏறி இறங்கும், அந்த மாற்றம் உள்ள இருக்கிற நரம்புல கரண்ட தூண்டும். 1831ல ஃபாரடே கண்டுபிடிச்ச அதே விதிதான். இங்கிலாந்துல ஷெஃபீல்டுல பார்க்கர்ங்கிற விஞ்ஞானியோட குழு 1982லயே இத கை நரம்புல செஞ்சு காமிச்சாங்க, மண்டைக்கு மேல வச்சு மூளைய தூண்டுனது 1985ல. நான் சொல்றது கை நரம்பு, தசை மேல வைக்கிற வகை. ஒட்டுற பேட் வச்சு கரண்ட் குடுக்கிறத விட இதுல தோல்ல சுருக்குனு குத்துறது கம்மி, சட்டையக் கூட கழட்ட வேணாம், அதனால வலிக்கு பயப்படுறவங்களும் ஒத்துக்குவாங்க.

இப்ப கற்பனைக்கு வரலாம். கைய அசைக்காம அசைக்கிற மாதிரி நினைச்சாலே மூளையில அசைவ பிளான் பண்ற பகுதிகள் வேலை செய்ய ஆரம்பிச்சுரும். இது சும்மா பேச்சு இல்ல, அளந்து பாக்கலாம். மூளை மேல காந்தத் துடிப்பு குடுத்து கைத்தசையில வர்ற சிக்னல எடுத்தா, சும்மா இருக்கும்போது வர்றத விட அந்த அசைவ நினைக்கும்போது சிக்னல் பெருசா வரும், அதுவும் எந்தத் தசைய நினைச்சாரோ அதுல மட்டும் முக்கியமா ஏறும். ஆனா ஒரு விஷயம் இதுல இடிக்கும். செயல் இழந்த கைக்கு "நீ நினைச்ச, நான் அசைஞ்சேன்"னு பதில் சொல்ல முடியாது. மூளை ஆர்டர் அனுப்பிட்டே இருக்கு, டெலிவரி ஆச்சான்னு தகவலே திரும்பி வரல.

அந்தத் திரும்பி வர்ற தகவலத்தான் காயில் குடுக்குது. தசை சுருங்கி மணிக்கட்டு எழும்பும்போது தசையிலயும் மூட்டுலயும் இருந்து சிக்னல் மேல போகும், மணிக்கட்டு நரம்புல தூண்டுனா மூளைப் புறணிக்கு, அதாவது மூளையோட மேல் அடுக்குக்கு, போய்ச் சேர சுமாரா 20 மில்லிசெகண்டு. அதே நேரத்துல மூளை அந்த அசைவ நினைச்சுட்டும் இருந்தா ரெண்டும் ஒண்ணா சேரும், ஒரே நேரத்துல திரும்பத் திரும்ப வேலை செய்யற இணைப்புகள் பலமாகும்ங்கிறதுதான் இதுக்குப் பின்னாடி இருக்கிற லாஜிக்.

அதனாலதான் டைமிங்க விட முடியாது. காயில முன்கையோட வெளிப்பக்கம், முழங்கைக்குக் கொஞ்சம் கீழ வச்சு லேசா நகத்திட்டே வருவோம், ஒரு இடத்துல விரல் மட்டும் துள்ளும், ஒரு இடத்துல மணிக்கட்டு நல்லா மேல எழும்பும், அந்த இடம் கிடைச்சதும் பிடிச்சுக்கணும். அப்புறம் "ஐயா, இப்ப நினைங்க"ன்னு சொல்லி ரெண்டு மூணு நொடி விட்டு டக் டக் டக்னு துடிப்பு. நிறைய பேர் டிவி பாக்கிற மாதிரி தூரத்துல ஒரு கை தூக்குறத பாத்துட்டு இருப்பாங்க. "படம் பாக்காதீங்கய்யா, உங்க கை இது, தோல் இழுக்குது, மணிக்கட்டு கனமா இருக்கு, அத உள்ள இருந்து தூக்குங்க"ன்னு சொல்லணும். உள்ள இருந்து உணர்ற கற்பனைக்குத்தான் முன்னாடி சொன்ன அந்த கைத்தசை சிக்னல் நல்லா ஏறுது, வெளிய இருந்து பாக்கிறதுக்கு அவ்ளோ இல்ல.

அவர் நினைக்கிறாரா தூங்குறாரான்னு எப்படித் தெரியும்? நல்ல கேள்வி, ஏன்னா மெஷின் சத்தத்துல இதத்தான் எல்லாரும் மறந்துடறாங்க. நல்லா இருக்கிற கையால ஒரு அசைவ செய்யச் சொல்லி நேரம் பாருங்க, அப்புறம் அதையே நினைக்கச் சொல்லி முடிஞ்சதும் சொல்லச் சொல்லுங்க, ரெண்டும் ஓரளவு ஒத்துப்போகணும். நிஜத்துல அஞ்சு நொடி ஆகுறத ஒரே நொடியில "முடிச்சுட்டேன்"னா அவர் நினைக்கல, தலையாட்டுறார் அவ்ளோதான். சிலருக்கு, முக்கியமா மூளையோட மேல் பின்பக்கம் இருக்கிற பரைட்டல் பகுதி அடிபட்டவங்களுக்கு, இந்த நேரக் கணக்கே குழம்பிரும், அவங்கள சோம்பேறின்னு திட்டக்கூடாது. கற்பனை செய்யறது உடம்பு வேலை மாதிரியே அலுப்பாக்கும், அதனால சின்னச் சின்னதா பிரிச்சு நடுவுல ரெஸ்ட் குடுக்கணும்.

ஆதாரம் எவ்ளோன்னு கேட்டா, வழக்கமான தெரபியோட கற்பனைப் பயிற்சி சேர்த்தா கை வேலை செய்யறது முன்னேறுதுன்னு பல ஆய்வுகள சேர்த்துப் பாத்து முடிவு சொல்ற காக்ரேன் அமைப்போட ஆய்வுத் தொகுப்பே சொல்லுது, ஆனா கைல வைக்கிற காந்தத்துக்கு மட்டும் தனியா அவ்ளோ பலமான ஆதாரம் இல்ல. ரெண்டையும் சேர்க்கிறது லாஜிக்கா சரிதான், ஆனா "இத்தனை சிட்டிங்ல கேரண்டி"ன்னு யாராவது பேக்கேஜ் வித்தா நான் நம்ப மாட்டேன். பேஸ்மேக்கர், காக்ளியர் இம்ப்ளான்ட் (காது கேக்க உள்ள வைக்கிற கருவி), காயில் வைக்கிற இடத்துக்குப் பக்கத்துல மெட்டல் பிளேட் இருந்தா முன்னாடியே சொல்லிருங்க, வலிப்பு வந்திருந்தா அதையும்.