எழுபது வருஷம் என்று சொன்ன கடிதம்

தேர்வு முடிவு வந்த அன்று ஆறுதல் சொல்ல நிறையப் பேர் இருந்தார்கள். போன் வந்தது, வசனம் வந்தது, வீட்டுக்கே வந்து ஜெபித்துவிட்டுப் போனவர்களும் உண்டு. கஷ்டம் அதற்கு அப்புறம்தான். தோற்ற நாள் எல்லாருக்கும் தெரியும். அதற்குப் பிறகு மாதக்கணக்கில் ஒன்றுமே நடக்காமல் போகிற நாட்கள் யார் கணக்கிலும் வராது.

என் தொழிலில் முழுத் தகுதி பெற வேண்டுமானால் தேற வேண்டிய கடைசித் தேர்வு அது. தேறும்வரை உதவியாளர்தான், சொந்தமாகக் கையெழுத்துப் போடும் உரிமை கிடையாது. என்னோடு படித்தவர்கள் தேறிப் போனார்கள். எனக்குப் பின்னால் வந்தவர்களும் போனார்கள். நான் ஒரு முறை கொஞ்ச மதிப்பெண்ணில் தவறவிட்டேன், பிறகு நிறைய மதிப்பெண்ணில், மறுபடி கொஞ்சத்தில். இந்தக் 'கொஞ்சம்'தான் ஆளை வதைக்கிறது. படுதோல்வி என்றால் சரி, இது நமக்கில்லை என்று எழுந்து போய்விடலாம். கொஞ்சத்தில் போனால் போகவும் முடியாது, இருக்கவும் முடியாது.

அந்த வருஷங்களில் எனக்கு அதிகமாக வந்த வசனம் எரேமியா 29:11. "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன் என்று கர்த்தர் சொல்லுகிறார், அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." காலை வணக்கத்தோடு வரும், பூப்படத்தின் மேல் வரும். நல்ல வசனம்தான். ஆனால் ஐந்தாறு பேர் ஒரே வாரத்தில் அனுப்பினால், நாம் எதிர்பார்த்த முடிவு வராததால்தானே இதை அனுப்புகிறார்கள் என்று தோன்றும்.

அதே காலத்தில் கூட்டத்துக்கு வந்த ஊழியக்காரர் ஒருவர் என் தலையில் கைவைத்து, "இந்த வருஷம் முடியுமுன் கர்த்தர் உன் கொம்பை உயர்த்துவார்" என்றார். சுற்றி நின்றவர்கள் ஆமென் சொன்னார்கள், நானும் சொன்னேன். வருஷம் முடிந்தது. கொம்பை உயர்த்துவது என்றால் வேத பாஷையில் மேன்மைப்படுத்துவது; என் கொம்பு இருந்த இடத்திலேயே இருந்தது. அவர் மனப்பூர்வமாகத்தான் சொல்லியிருப்பார். ஆனால் அதன் பாரம் என் மேல்தான் விழுந்தது. நடக்கவில்லையென்றால் விசுவாசக் குறைவு என்ற பேச்சு தானாகக் கிளம்பும். யாரும் வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் காதில் கேட்கும்.

அந்தக் கோபத்தில்தான் ஒரு நாள் எரேமியாவை எடுத்து 11ஆம் வசனத்துக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். 10ஆம் வசனத்தில் எழுபது வருஷம் என்று இருந்தது. பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா எருசலேமிலிருந்து அனுப்பிய கடிதம் அது. எழுபது வருஷம் நிறைவேறின பின்புதான் திரும்பி வருவீர்கள் என்கிறார். அதைக் கேட்ட நாற்பது வயதுக்காரர் ஒருவர் கணக்குப் போட்டுப் பார்த்திருப்பார்: நான் திரும்பப் போவதில்லை. அப்படிப்பட்டவருக்கும் சேர்த்துத்தான் 'சமாதானத்துக்கேதுவான நினைவுகள்' என்று எழுதப்பட்டிருக்கிறது. அந்த வசனத்தை அனுப்புகிறவர்கள் 10ஆம் வசனத்தையும் சேர்த்து அனுப்பினால் நன்றாக இருக்கும். பூப்படத்துக்குப் பொருந்தாதுதான்.

இன்னும் ஒரு அதிகாரம் பின்னால் போனேன். 28ஆம் அதிகாரத்தில் அனனியா என்று ஒரு தீர்க்கதரிசி. இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்ப வந்துவிடும், கர்த்தர் பாபிலோன் ராஜாவின் நுகத்தை முறித்துவிட்டார் என்று ஆலயத்தில் எல்லாருக்கும் முன்பாகச் சொல்கிறான். பாபிலோனுக்குக் கீழ்ப்பட வேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியாவின் கழுத்தில் கிடந்த மரநுகத்தை எடுத்து உடைத்தும் காட்டுகிறான். எனக்குப் பிடித்தது எரேமியா முதலில் சொன்ன பதில்: ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக. அவருக்கும் இரண்டு வருஷம்தான் வேண்டியிருந்தது! எழுபது வருஷம் என்று சொல்வதில் அவருக்கு எந்தச் சந்தோஷமும் இல்லை. ஆனாலும் கர்த்தர் சொல்லாத தேதியை அவர் ஜனங்களுக்குக் கொடுக்கவில்லை.

இதை வாசித்தபோது எனக்கு அழுகை வரவில்லை, ஒரு பெரிய நிம்மதி வந்தது. என் காத்திருப்பு நீளமாக இருப்பதாலேயே தேவன் என்னைக் கைவிட்டுவிட்டார் என்று ஆகாது. நீளமான காத்திருப்பைப் பற்றி அவரே கடிதம் கொடுத்தனுப்பியிருக்கிறார். அந்தக் கடிதத்தில் அந்த வருஷங்களுக்கான வேலையும் இருக்கிறது. வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டங்களை நாட்டி அவற்றின் கனியைச் சாப்பிடுங்கள், கலியாணம் பண்ணுங்கள், நீங்கள் இருக்கிற பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள்.

நான் அதுவரை எதையும் நட்டு வைக்கவில்லை. தேர்வு முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்பதே எல்லாவற்றுக்கும் பதில். ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். போய் நின்றேன். பத்து வயதுப் பிள்ளைகளுக்கு நம் மதிப்பெண்ணில் ஒரு அக்கறையும் கிடையாது. தாவீது கோலியாத்தின் தலையை எதை வைத்து வெட்டினான் என்றுதான் கேட்பார்கள். (கோலியாத்தின் சொந்தப் பட்டயத்தை வைத்து.) வாரத்தில் ஒரு மணி நேரம், நான் தோற்றவன் என்பது யாருக்கும் சம்பந்தமில்லாத விஷயமாக இருந்தது.

யோசேப்பைப் பற்றிப் பிரசங்கம் கேட்காத ஆள் இல்லை, அதனால் சுருக்கமாக. சொப்பனம் சொன்னபோது வயது 17, பார்வோன் முன் நின்றபோது 30. நடுவில் பானபாத்திரக்காரரின் தலைவனிடம், நீர் வாழ்வடைந்திருக்கும்போது என்னை நினைத்துக்கொள்ளும் என்று கேட்கிறான். ஒரு சிபாரிசு, அவ்வளவுதான். அந்த ஆள் மறந்துவிட்டான். அதற்கப்புறம் இரண்டு வருஷம். ஆதியாகமம் 40 வாசிக்கும்போது நமக்கு 41 தெரியும். சிறையில் இருந்தவனுக்குத் தெரியாது.

ஜெபிக்க முடியாமல் போன மாதங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஸ்தோத்திரம் என்று ஆரம்பித்தால் அடுத்த வார்த்தை வராது. மனதில் இருப்பதைச் சொன்னால் அது ஜெபம் மாதிரி இருக்காது. அப்போது 13ஆம் சங்கீதம் கண்ணில் பட்டது. "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று ஆரம்பிக்கிறது. இதை நான் சொல்லியிருந்தால் யாராவது கண்டித்திருப்பார்கள். தாவீது சொன்னதால் வேதத்தில் இருக்கிறது. மொத்தமே ஆறு வசனம். அதைச் சத்தமாக வாசித்து ஆமென் சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்வேன். பல நாள் என் ஜெபம் அவ்வளவுதான்.

பிறகு 42. "என் ஆத்துமாவே, நீ ஏன் கலங்குகிறாய்?" என்று பாடுகிறவர் தன்னையே கேட்டு, தேவனை நோக்கிக் காத்திரு என்று தனக்கே பதிலும் சொல்லிக்கொள்கிறார். கவனித்துப் பார்த்தால் அதே சங்கீதத்தின் கடைசியில் மறுபடி அதே கேள்வி, அதே பதில். 43இன் முடிவில் இன்னொரு முறை. ஒரு தடவை சொன்னதில் கலக்கம் போய்விடவில்லை என்றுதானே அர்த்தம்? காலையில் தைரியமாக எழுந்து மதியத்துக்குள் மறுபடி இடிந்துபோகிற எனக்கு அந்தத் திரும்பத் திரும்ப வருவது பெரிய துணையாக இருந்தது.

உடம்பையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஆவிக்குரிய புத்திமதியில் இது விட்டுப்போகும். 1 இராஜாக்கள் 19இல் எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து "போதும் கர்த்தாவே" என்று சாவைக் கேட்டபோது, தூதன் வந்து பிரசங்கம் பண்ணவில்லை. தட்டி எழுப்பி, சாப்பிடு என்றான். தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் இருந்தன. சாப்பிட்டுவிட்டு எலியா திரும்பவும் தூங்கினார். தூதன் இரண்டாவது தரம் எழுப்பி, "நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்றான். விசுவாசம் எங்கே போயிற்று என்ற கேள்வியே அந்த இடத்தில் இல்லை. நான் இரவெல்லாம் விழித்திருந்து படித்து, விழித்திருந்து கவலைப்பட்டு, அதையே வைராக்கியம் என்று பெயர் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில் இந்த அதிகாரம் என்னைப் படுக்கைக்கு அனுப்பியது. வாரத்தில் ஒரு நாள் புத்தகத்தை மூடி வைத்தேன். வாரக்கணக்கில் தூக்கமே இல்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் டாக்டரிடம் போங்கள். அது அவிசுவாசம் ஆகாது. நான் போனேன்.

மனிதர்களில் எனக்கு உண்மையாகவே உதவியவர் சபையில் இருந்த ஒரு அக்கா. அவர் பேசுவது குறைவு. முடிவு வெளியான அன்று வரமாட்டார்; இரண்டு வாரம் கழித்து, கூட்டம் கலைந்த பிறகு வருவார். ஒரு முறை நான், "அக்கா, இனிமேல் எனக்காக ஜெபிக்காதீங்க, எனக்கே வெட்கமா இருக்கு" என்றேன். அவர் கோபப்படவில்லை. "நீ பாஸாகணும்னு ஜெபிக்கிறது ஒரு பக்கம் இருக்கட்டும் தம்பி. பேதுருவுக்காக ஆண்டவர் என்ன வேண்டிக்கிட்டார்னு லூக்காவில பாரு. நான் முதல்ல அதைத்தான் ஜெபிக்கிறேன்" என்றார்.

வீட்டுக்கு வந்து பார்த்தேன். லூக்கா 22:32. "நானோ உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு உனக்காக வேண்டிக்கொண்டேன்." சேவல் கூவுமுன் பேதுரு மூன்று தரம் மறுதலிப்பான் என்று சொல்லப்போகிற அதே உரையாடலில் இந்த வார்த்தை. விழப்போகிறான் என்று தெரிந்தே, விழுந்த பிறகும் அறுந்துபோகாமல் இருக்க வேண்டியதற்காக இயேசு முன்கூட்டியே ஜெபித்திருக்கிறார். அதோடு, நீ குணப்பட்டபின்பு உன் சகோதரரை ஸ்திரப்படுத்து என்று வேலையும் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து என் ஜெபத்தின் வரிசை மாறியது. தேர்வுக்காக ஜெபிப்பதை நிறுத்தவில்லை. அது இரண்டாவது இடத்துக்குப் போனது.

எப்போது நிறுத்துவது என்பது வேறு கேள்வி. இதற்கு வசனத்தை எடுத்து நீட்டுகிறவர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள்: கலப்பையில் கை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காதே என்பவர்கள், கதவு அடைபட்டால் அது தேவ சித்தமில்லை என்பவர்கள். எனக்கு உதவியது அப்போஸ்தலர் 16. பவுலும் கூட இருந்தவர்களும் ஆசியாவில் (அன்றைய ரோம மாகாணம்) வசனம் சொல்லப் போனார்கள், ஆவியானவர் தடுத்தார். பித்தினியாவுக்குப் போகப் பார்த்தார்கள், அங்கேயும் விடவில்லை. ஏன் என்று அங்கே எழுதப்படவே இல்லை. அவர்கள் துரோவாவுக்கு வந்து சேர்ந்த பிறகுதான், மக்கெதோனியாவுக்கு வந்து உதவி செய்யும் என்று ஒருவன் கூப்பிடுகிற தரிசனம். காரணம் தெரியாமலேயே அவர்கள் நடந்துகொண்டிருந்தார்கள்.

நான் என் போதகரிடமும், தொழில் கற்றுக்கொடுத்த மூத்தவர் ஒருவரிடமும் உட்கார்ந்து பேசினேன். மூத்தவர் விசுவாசியல்ல, ஆனால் என் விடைத்தாள்களை நேர்மையாகப் பார்த்தவர் அவர்தான். எதுவரை எழுதுவது என்று ஒரு எல்லை வைத்தோம். அந்த எல்லை வந்தது, நான் தேறவில்லை, நிறுத்திவிட்டேன். இப்போது அதே துறையில் அந்தப் பட்டம் இல்லாமல் வேலை செய்கிறேன். வேலை பிடித்திருக்கிறது. கையெழுத்து வேறொருவர் போடுகிறார். அதைப் பார்க்கும்போது சில நாள் உறுத்தும், சில நாள் உறுத்தாது. எதற்காக இத்தனை வருஷம் என்று எனக்கு விளக்கம் வரவில்லை. இதைவிட நல்லது ஒன்று கிடைத்தது, அதற்காகத்தான் தேவன் இதைத் தடுத்தார் என்று முடிக்கச் சொல்லி நண்பர் ஒருவர் கேட்டார். அப்படி எனக்குத் தெரியாது. எபிரெயர் 11 வரிசையாகப் பெயர்களைச் சொல்லிவிட்டு, இவர்களெல்லாரும் வாக்குத்தத்தம்பண்ணப்பட்டதை அடையாமற்போனார்கள் என்று 39ஆம் வசனத்தில் சொல்கிறது. நற்சாட்சி பெற்றவர்களைப் பற்றித்தான்.

சபையில் சாட்சி நேரத்தில் முடிந்த கதைகளுக்குத்தான் இடம் இருக்கிறது. பாஸானவர், குணமானவர், குழந்தை பெற்றவர் எழுந்து நிற்கிறார்கள், சந்தோஷம். நடுவில் இருக்கிறவர்கள் உட்கார்ந்தே இருக்கிறார்கள். ஒரு ஞாயிறு போதகரிடம் கேட்டுக்கொண்டு நானும் எழுந்தேன். தேறவில்லை, காரணம் தெரியாது, ஆனாலும் கர்த்தர் என்னை விடவில்லை என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தேன். கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது மூன்று பேர் தனித்தனியாக வந்து தங்கள் காத்திருப்பைச் சொன்னார்கள். ஒருவரை எனக்கு வருஷக்கணக்கில் தெரியும், இது தெரியாது.

அவர்களில் ஒருவர், எங்கிருந்து வாசிக்க ஆரம்பிப்பது என்று கேட்டார். அவருக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். சங்கீதம் 13, பிறகு 42-உம் 43-உம் சேர்த்து, பிறகு 77. ஒரு வாரத்துக்கு ஒன்று போதும், சத்தமாக வாசியுங்கள். 88 கடைசியாக இருக்கட்டும். அதில் விடிவு வராது, சிநேகிதர்கள் தூரமாய்ப் போய்விட்டார்கள் என்பதோடு முடிந்துவிடும். அதை மட்டும் தனியாக வாசிக்க வேண்டாம். பக்கத்தில் யாரையாவது உட்கார வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் எதுவும் பேச வேண்டியதில்லை.