ஸ்கீட்டுக்கு சோக் வாங்குவதற்கு முன்

டெக்சாஸில் புதிதாக ஸ்கீட் (எறியப்படும் தட்டுகளை ஷாட்கன்னால் சுட்டு உடைக்கும் விளையாட்டு) சுட ஆரம்பித்திருக்கும் நம்ம ஊர் நண்பர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "எந்தக் கம்பெனி சோக் வாங்கலாம்?" என்பதுதான். சோக் என்பது குழல் வாயில் திருகி மாட்டும் குட்டி டியூப், தோட்டாவிலிருந்து பாயும் ரவை, அதாவது சிறு குண்டுகள், எவ்வளவு பரவும் என்பதை மாற்றுவது. பிரைலியா, கார்ல்சன்ஸா, ட்ரூலாக்கா, முல்லரா என்று வாரக்கணக்கில் யோசிக்கிறார்கள். துப்பாக்கியோடு வந்த டியூப்கள் பிளாஸ்டிக் பெட்டியைவிட்டு வெளியே வந்திருக்காது. என் பதிலை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஸ்கீட்டைப் பொறுத்தவரை கம்பெனி பெயர் கடைசியில் பார்க்க வேண்டியது. உங்கள் குழலின் மரை எந்த வகை, உள்விட்டம் எவ்வளவு, நீங்கள் சுடும் தோட்டா 21 கெஜத்தில் தாளில் எப்படி விழுகிறது, இந்த மூன்றும் தெரிந்த பிறகு கடைக்குப் போனால் போதும்.

21 கெஜம் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் மைதானத்தின் அமைப்பு. அமெரிக்க ஸ்கீட்டில் நின்று சுடும் 1 முதல் 7 வரையிலான இடங்கள் ஒரு வட்ட வில்லின் மேல் இருக்கின்றன. அந்த வில்லின் மையம்தான் தட்டு எறியும் இயந்திரம் உள்ள இரண்டு வீடுகளிலிருந்து வரும் தட்டுகளும் குறுக்கிடும் புள்ளி, அதாவது நீங்கள் எந்த இடத்தில் நின்றாலும் அது 21 கெஜம்தான். 8ஆவது இடத்தில் கதையே வேறு, நடுக்கோட்டைத் தாண்டுவதற்குள் தட்டை உடைக்க வேண்டும், அது சில கெஜ தூரத்தில் முகத்துக்கு நேராக வருவது போலத்தான் இருக்கும். ஸ்போர்ட்டிங் கிளே என்ற இன்னொரு தட்டு சுடும் விளையாட்டு மாதிரி ஒரு தட்டு 15 கெஜத்தில், அடுத்தது 45 கெஜத்தில் என்ற குழப்பம் இங்கே கிடையாது. தூரம் தெரிந்த விளையாட்டு. அதனால் சோக்கையும் ஒரு முறை தேர்ந்தெடுத்து மாட்டிவிட்டு மறந்துவிடலாம்.

12 கேஜ் (குழல் அளவு) துப்பாக்கியில் சோக்கின் இறுக்கத்தை ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்று அளக்கிறார்கள், கோயம்புத்தூர் லேத் பட்டறைகளில் 'தௌ' என்பார்களே, அதேதான். சிலிண்டர் என்றால் 0, ஸ்கீட் என்றால் 5 தௌ, இம்ப்ரூவ்டு சிலிண்டர் 10, மாடிஃபைடு 20, ஃபுல் 35 அல்லது 40. 20 கெஜத்தில் சிலிண்டர் சுமார் 32 அங்குல அகலத்துக்கு ரவையைப் பரப்பும், ஃபுல் சோக் சுமார் 16 அங்குலத்துக்குள் அடக்கிவிடும். பாதி அகலம்! அகலம் பாதியானால் பரப்பளவு கால்வாசியாகிவிடும். ஓடும் தட்டுக்கு முன்னால் எவ்வளவு இடம் விட வேண்டும் என்பதைக் கண்ணாலும் உடம்பாலும் பழகிக்கொண்டிருக்கும் ஒருவர், கையில் இருக்கும் வலையைத் தானே கால்வாசியாக வெட்டிக்கொள்வதில் எந்த நியாயமும் இல்லை.

"பரவினால் நடுவில் ஓட்டை விழாதா?" என்று கேட்பார்கள். சரியான கேள்வி. 1 அவுன்ஸ் 9ஆம் எண் அளவு ரவையில் சுமார் 585 குண்டுகள் இருக்கின்றன. 30 அங்குல வட்டத்தின் பரப்பு சுமார் 707 சதுர அங்குலம். சீராக விழுந்தால் சதுர அங்குலத்துக்கு 0.8 குண்டு. தட்டின் விட்டம் 4 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல், உயரம் ஓர் அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல், விளிம்பு மட்டும் தெரியும் நிலையில்கூட மூன்று நான்கு குண்டு படும். 21 கெஜத்தில் அது உடைய அதுவே போதும். 40 கெஜத்தில் போதாது, ஆனால் நீங்கள் அங்கே சுடவில்லையே.

இப்போது பலர் கவனிக்காத விஷயத்துக்கு வருகிறேன். டியூபின் மேல் 'ஸ்கீட்' என்று எழுதியிருப்பது ஒரு பெயர் மட்டும்தான். இறுக்கம் என்பது குழலின் உள்விட்டத்திலிருந்து டியூபின் வாய் விட்டத்தைக் கழித்தால் வருவது. 12 கேஜின் வழக்கமான உள்விட்டம் 0.729 அங்குலம். ஆனால் பிரௌனிங் போன்ற சிலர் குழலை வேண்டுமென்றே அகலமாகக் குடைகிறார்கள், 0.740 வரையும் அதற்கு மேலும் போகும். வாய் விட்டம் 0.724 உள்ள ஒரு டியூப் 0.729 குழலில் 5 தௌ, அதாவது ஸ்கீட். அதே வாய் 0.740 குழலில் 16 தௌ, கிட்டத்தட்ட மாடிஃபைடை நோக்கிப் போய்விடும். உள்விட்டம் அளக்கும் கருவி துப்பாக்கி பழுது பார்ப்பவரிடம் இருக்கும், கேட்டால் அளந்து கொடுப்பார். டியூப் வாங்கும்போது வாய் விட்டத்தை எண்ணில் சொல்லும் கம்பெனியிடம் வாங்குங்கள். வெறும் கலர் வளையமும் பெயரும் மட்டும் போட்டு விற்பவரிடம் எனக்கு நம்பிக்கை இல்லை.

மரை விஷயத்தில் கொஞ்சமும் அலட்சியம் கூடாது. பெரெட்டா என்று ஒரு பெயர்தான், உள்ளே மொபில்சோக், ஆப்டிமாசோக், ஆப்டிமாசோக் ஹெச்பி என்று தனித்தனி வகை. பிரௌனிங்கில் இன்வெக்டர், இன்வெக்டர் பிளஸ், இன்வெக்டர் டிஎஸ். ஒன்று இன்னொன்றுக்குப் பொருந்தாது. இரண்டு சுற்று உள்ளே போகிறதே என்று கட்டாயப்படுத்தித் திருகுபவர்களைப் பார்த்திருக்கிறேன், பார்த்த இடத்திலேயே தடுத்தும் இருக்கிறேன். சரியாக உட்காராத டியூபின் பின்விளிம்பில் ரவை மோதினால் டியூபும் போகும், குழல் வாயும் கிழியும். அதே மாதிரி டியூபே இல்லாமல் ஒரு தோட்டாகூடச் சுடக் கூடாது, உள்ளே இருக்கும் மரை கெட்டுவிடும்.

சரி, கடையில் தனியாக டியூப் வாங்க வேண்டிய அவசியம் எப்போது வருகிறது? பல துப்பாக்கிகளோடு வரும் தொகுப்பில் சிலிண்டர் ஒன்றுதான் இருக்கும், ஸ்கீட் இருக்காது. மேல்கீழ் இரட்டைக்குழல் வைத்திருப்பவருக்கு ஒரே மாதிரி இரண்டு வேண்டும், அங்கே வாங்கத்தான் வேண்டும். இன்னொரு நல்ல காரணம், வாய்க்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வகை. கையாலேயே கழற்றலாம், தளர்ந்திருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்துவிடலாம், குழல் விளிம்புக்கும் ஒரு பாதுகாப்பு. ஆனால் நுனியில் எடை கூடும். ஸ்கீட்டில் வீச்சு சீராக ஓட நுனி எடை சிலருக்கு உதவும், சிலருக்குக் கையை இழுக்கும், முடிந்தால் நண்பரின் டியூபை மாட்டி வீசிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். பக்கத்தில் துளை போட்ட வகையை நான் வாங்குவதில்லை. பிளாஸ்டிக் கசடு துளைகளில் அடைகிறது, பக்கத்தில் நிற்பவர் காதுக்கும் தொல்லை.

அப்புறம் தாள். இதைச் செய்யாமல் 100 டாலர் டியூப் வாங்குவது எனக்குப் புரியவே இல்லை. நான்கடி அகலப் பழுப்புத் தாள் ஒன்று, நடுவில் கறுப்புப் புள்ளி, 21 கெஜம் அளந்து நின்று, வழக்கமாகச் சுடும் தோட்டாவாலேயே சுடுங்கள். அடர்த்தியான பகுதியை மையமாக வைத்து 30 அங்குல வட்டம் போடுங்கள். பிறகு உண்மையான தட்டு ஒன்றை எடுத்து வட்டத்துக்குள் அங்கங்கே வைத்து நகர்த்திப் பாருங்கள். எங்கே வைத்தாலும் அடியில் சில ஓட்டைகள் மறைகின்றனவா, அல்லது ஒன்றுகூட இல்லாமல் தட்டு முழுசாக உட்காரும் வெற்றிடம் இருக்கிறதா? ஒரு தாளை நம்பாதீர்கள், தோட்டாவுக்குத் தோட்டா மாறும், ஒவ்வொரு சோக்குக்கும் நாலைந்து தாளாவது வேண்டும். வட்டத்தின் மையம் கறுப்புப் புள்ளியிலிருந்து எவ்வளவு தள்ளி விழுகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அடிக்கடி தவறும் தட்டுக்குக் காரணம் சோக்கே இல்லை, துப்பாக்கி நான்கு அங்குலம் இடப்பக்கம் சுடுகிறது என்பது இந்தத் தாளில்தான் தெரியவரும். அதை எந்த டியூபும் சரிசெய்யாது, தோளில் அணைக்கும் பின்கட்டையை உங்களுக்கு ஏற்றபடி பொருத்துபவரிடம்தான் போக வேண்டும்.

ஒலிம்பிக் ஸ்கீட் சுடுபவர்களுக்குக் கணக்கு கொஞ்சம் மாறும். தட்டு வேகம் அதிகம், தோட்டாவில் ரவை 24 கிராம்தான், குண்டு எண்ணிக்கை குறைவு. 2024 பாரிஸில் கலப்பு அணிப் பிரிவில் அனந்த்ஜீத் சிங் நருகாவும் மகேஸ்வரி சௌகானும் 43-44 என்று ஒரே தட்டில் வெண்கலத்தைத் தவறவிட்டார்கள். அந்த மட்டத்தில் ஒவ்வொரு தௌவுக்கும் தாளில் சோதித்துப் பார்ப்பதற்கு அர்த்தம் இருக்கிறது. 25க்கு 18 உடைக்கும் நமக்கு அந்தப் பணம் தோட்டாவாகவும் பயிற்சியாளர் கட்டணமாகவும் போனால் நல்லது.

என் துப்பாக்கியில் இரண்டு குழலிலும் 5 தௌதான். மாட்டும்போது துப்பாக்கி திறந்து காலியாக இருக்க வேண்டும், மரையில் லேசாக கிரீஸ், கை இறுக்கம் போதும், ஒவ்வொரு சுற்று முடிந்ததும் துப்பாக்கியைத் திறந்து காலி என்று பார்த்துவிட்டு டியூபை ஒரு தடவை தொட்டுப் பாருங்கள். வெளியே நீட்டாத டியூப் என்றால் அதற்கான சாவியைப் பையிலேயே வைத்திருங்கள், தளர்ந்த டியூபோடு அடுத்த சுற்றுக்குப் போகாதீர்கள்.