மெக்கீ வீட்டு அலமாரி
அமெரிக்காவின் என்பிசி வானொலியில் 1935-ல் தொடங்கிய 'ஃபிபர் மெக்கீ அண்ட் மோலி' நகைச்சுவைத் தொடரில், 1940-லிருந்து ஒரு அலமாரிச் சத்தம் வரும். ஸ்டுடியோவில் பார்வையாளர்கள் எதிரிலேயே நேரலையில் உருட்டிய சத்தம் அது!

மனைவி மோலி தடுப்பார், கணவர் மெக்கீ அலமாரிக் கதவைத் திறப்பார். தகரம், பாத்திரம், பெட்டி எல்லாம் சரியும். மொத்தமாகக் கொட்டினால் மைக்கில் ஒரே 'தொம்'தான் கேட்கும். கனமானதும் லேசானதும் மாறி மாறி விழணும், அப்போதுதான் காது ஒவ்வொன்றையும் பிரித்துக் கேட்கும்.

எல்லாம் ஓய்ந்த மாதிரி ஒரு கணம் அமைதி. பிறகு குட்டி மணி ஒன்று, 'டிங்'. அந்த அமைதியை அவசரப்பட்டுக் குறைத்தால் மணி இரைச்சலில் அமுங்கிவிடும், சிரிப்பும் போச்சு. எனக்கு அந்த டிங்தான் உயிர். இத்தனைக்கும் பல வாரங்கள் அந்தக் கதவு திறக்கவே திறக்காது.