பழைய பண்ணை வீட்டில் சிமெண்டை உரிக்க அனுமதி வாங்கிய கதை

நாங்கள் வாங்கிய வீடு இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில், வயல்களுக்கு நடுவே இருக்கும் பழைய பண்ணை வீடு. பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் இரண்டாம் நிலை. பட்டியலில் பத்துக்கு ஒன்பதுக்கும் மேல் இந்த நிலைதான் என்பதால் பெருமையடிக்க ஒன்றுமில்லை. ஆனால் 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி வெளிச்சுவர் மட்டுமல்ல, உள்ளே இருக்கும் படிக்கட்டும் கதவும்கூடப் பட்டியலில் சேர்த்தி. வீட்டின் தன்மையை மாற்றும் எந்த வேலையையும் அனுமதி இல்லாமல் செய்தால் கிரிமினல் குற்றம்.

எங்களுக்கு வேண்டியது ஒன்றுதான். எங்களுக்கு முன்னால் இருந்த யாரோ வெளிச்சுவர் முழுக்க அப்பிவிட்டுப் போன சிமெண்டை எடுத்துவிட்டு, பழையபடி சுண்ணாம்பு பூச வேண்டும்.

சஃபோக்கில் கட்டடத்துக்கு ஏற்ற நல்ல கல் அரிது. அதனால் ஓக் மரத்தில் சட்டகம் நிறுத்தி, இடைவெளியில் ஹேசல் குச்சிகளை வரிச்சாகக் கட்டி, வைக்கோல் கலந்த களிமண்ணை அப்பி, மேலே சுண்ணாம்பு பூசினார்கள். இந்தச் சுவர் ஈரத்தை வாங்கும், வெயில் வந்தால் விடும். சிமெண்ட் விடாது. மரம் அசைய அசைய அதில் விரிசல் விழும், மழைநீர் உள்ளே போகும், வெளியே வர வழியில்லாமல் அடிக்கட்டை உளுத்துப்போகும். எங்கள் வீட்டின் வடக்கு மூலையில் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினால் பிடி வரை இறங்கியது.

விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. செலவெல்லாம் அதோடு இணைக்க வேண்டிய காகிதங்களில்தான். முக்கியமானது, வீட்டில் எது முக்கியம், ஏன் முக்கியம் என்று எழுதித் தரும் அறிக்கை. எதைக் கைவைக்கப் போகிறோம் என்பதற்கு முன்னால் என்ன இருக்கிறது என்று சொல்லியாக வேண்டும். சம்பிரதாயம் என்றுதான் நினைத்தேன். பழைய கட்டடங்கள் தெரிந்த ஒரு நிபுணரை அழைத்தோம். அவர் சுவரைப் பார்க்கவே இல்லை, டார்ச்சை எடுத்துக்கொண்டு நேராகப் பரணுக்கு ஏறினார்.

நடுப்பகுதியின் கைமரங்கள் மட்டும் கன்னங்கரேலென்று இருந்தன. தொட்டால் விரலில் கரி. இரு பக்கமும் இருந்தவை சுத்தம். அப்படியென்றால் முதலில் இங்கே புகைபோக்கியும் மாடியும் இல்லை. தரையில் நெருப்பு மூட்டி, புகையைக் கூரை வழியாக விட்ட திறந்த கூடம் அது. செங்கல் புகைபோக்கியும் மாடித் தளமும் பிற்பாடு செருகியவை. அப்புறம் மூட்டுகளைக் காட்டினார். ஒவ்வொன்றிலும் ரோமன் எண்கள் கீறியிருந்தன; ஒன்பதை IX என்று எழுதாமல், V-க்குப் பின்னால் நாலு கோடு போட்டு VIIII என்று எழுதும் பழைய பாணி. தச்சர்கள் சட்டகத்தை வேறிடத்தில் அறுத்து, கிடத்திப் பொருத்திப் பார்த்து, எண் போட்டுக் கழற்றி, இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். ஆணி கிடையாது, மரமுளைதான். பச்சை ஓக் காய்ந்து சுருங்கச் சுருங்க மூட்டு இறுகும்.

அறிக்கை போன பிறகு, உள்ளூர் நிர்வாகமான கவுன்சிலில் பழைய கட்டடங்களின் பாதுகாப்பைக் கவனிக்கும் அதிகாரி நேரில் வந்தார். கறாரான பெண்மணி, ஆனால் விஷயம் தெரிந்தவர். கூரை இடுக்கில் வௌவால் இருக்கக்கூடும் என்று அதற்கும் ஓர் ஆய்வு கேட்டார்கள். இங்கே வௌவாலுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. அந்தி நேரத்தில் அவை வெளியே பறப்பதைக் கோடைக்காலத்தில்தான் பார்க்க முடியும். எட்டு வாரத்தில் முடிவு என்பது விதி. எங்களுடையது அதையும் தாண்டி, இலையுதிர் காலத்தில் நிபந்தனைகளோடு வந்தது. உளுத்த பகுதியை மட்டும் வெட்டி ஓக் ஒட்டுப்போட வேண்டும். நல்ல மரத்தைத் தொடக்கூடாது. ஆட்டு ரோமம் கலந்த சுண்ணாம்புச் சாந்தை முதலில் ஒரு சிறு பரப்பில் பூசிக் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும்.

உறைபனிக் காலத்தில் சுண்ணாம்பு பூச முடியாது. ஆகவே குளிர்காலம் முழுக்க தார்ப்பாயும் சாரமுமாகக் கிடந்தோம். வசந்தத்தில் மூன்று பூச்சு. வெயிலில் வெடிக்காமல் இருக்க ஈரச்சாக்கு தொங்கவிட்டு மெதுவாகக் காயவிட்டோம்.

இப்போது ஜன்னல்கள். இரட்டைக் கண்ணாடி போடலாமா என்று கேட்டதற்கு அதிகாரி முகத்திலடித்தாற்போல் மறுத்துவிட்டார். பழைய ஜன்னலை அப்படியே விட்டு, உள்பக்கம் கழற்றக்கூடிய தனிக் கண்ணாடி என்றால் பேசலாமாம். வரைபடம் தயாராகிக்கொண்டிருக்கிறது.